வலது கன்னத்து மச்சம்

மச்சம் இடம் மாறியிருந்தது.

பூஜை அலமாரியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த சிவப்பு ஜீரோ வாட் பல்பின் கீழே, பீங்கான் தட்டிலிருந்த டெவலப்பர் திரவத்தில் வெள்ளைக் காகிதம் மிதந்தது. அதிலிருந்து அன்னக்கொடியின் முகம் எழுந்து வந்தது. முதலில் தலைமுடி, பிறகு புருவம், பிறகு மூக்கோரத்து நிழல், எல்லாவற்றுக்கும் கடைசியாக, வர மனமில்லாததுபோல, கடுகளவு மச்சம். பிறந்ததிலிருந்து அவளுக்கு அது இடது கன்னத்தில். படத்தில் இருந்தவளுக்கு வலது கன்னத்தில்.

அன்னக்கொடிக்கு முதலில் தன்மேல்தான் இளக்காரம் வந்தது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு. நெகட்டிவை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. திருப்பி வைத்தால் கண்ணாடியில் தெரிவதுபோல எல்லாம் இடவலமாகத்தான் விழும்.

காகிதத்தைத் தூக்கி, படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போத் திரவத்தில் போடும்போதுதான் முந்தானையைக் கவனித்தாள். நெகட்டிவைத் திருப்பி வைத்திருந்தால் முந்தானையும் வலது தோளுக்குப் போயிருக்க வேண்டும். முந்தானை இடது தோளிலேயே கிடந்தது. வகிடு அதன் இடத்தில் இருந்தது. மச்சம் மட்டும் நகர்ந்திருந்தது.

சரி, இடது கன்னம் நிழலில் இருந்ததால் மச்சம் இருட்டோடு இருட்டாகப் போயிருக்கும். நெகட்டிவில் ஊசிமுனை ஓட்டை விழுந்திருந்தால் படத்தில் கறுப்புப் புள்ளி வரும். அது வலது கன்னத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. விஞ்ஞானம் படித்தவர்களுக்கு இது ஒரு வசதி. எதைக் கண்டாலும் ஒரு காரணம் கையிலேயே இருக்கும்.

காகிதத்தை ஹைப்போவில் ஊறவிட்டாள். ஹைப்போவில் ஊறாத படம் படமே இல்லை. வெளிச்சம் பட்டதும் கறுக்கத் தொடங்கும். முகம், கண், சிரிப்பு எல்லாம் கறுத்து, கடைசியில் கரித்துண்டுபோல ஒரு காகிதம் மிஞ்சும். கல்லூரியில் வெள்ளி உப்புகளைப் பற்றிப் படித்தபோது அவளுக்கு அது பிடித்திருந்தது. யார் முகம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கறுக்க வைக்கிற ஒரு பொருள்.

*

இவ்வளவுக்கும் காரணம் சோலை ஸ்டுடியோ படம்தான்.

கல்யாணத்துக்குப் பார்க்க ஆரம்பித்தபோது அம்மா முத்துத்தாய் அவளைத் திருநகரிலிருந்து பஸ் ஏற்றி டவுனுக்குக் கூட்டிப்போனாள். சந்துக்குள் மாடியில் ஸ்டுடியோ. சோலை கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து அம்மாவிடம் பேசினார். அன்னக்கொடியிடம் பேச அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

"புள்ள கொஞ்சம் சிரிக்கலாம்லக்கா."

"அவ அப்படித்தாண்ணே. ஊமக்கோட்டான். நீங்க எடுங்க."

"கன்னத்துல மச்சம் இருக்கே."

"அத எடுத்துருங்க."

"எடுத்துட்டாப் போச்சு. நெகட்டிவுல பென்சில வச்சு ஒரு தீத்து தீத்துனா ஓடிப்போயிரும். மூக்கையும் லேசா சரி பண்ணிரவா?"

"பண்ணுங்கண்ணே. நெறத்தையும் கொஞ்சம் பாத்துக்கங்க."

மாட்டுச் சந்தையில்கூடத் துண்டுக்குள் கையை மறைத்து விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். இங்கே அந்த மரியாதையும் இல்லை.

படம் வந்தது. சிமெண்டுத் தூண், பிளாஸ்டிக் ரோஜா, நாற்காலியில் ஓர் அழகான பெண். யாரென்று அன்னக்கொடிக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. படத்தைக் கையில் வாங்கியதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இம்புட்டு அழகா இருக்கே. கண்ணு பட்டுருமே."

மைச்சிமிழைத் திறந்து, விரல் நுனியால் தொட்டு, படத்துப் பெண்ணின் வலது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். பென்சிலால் ஒரு மச்சத்தை அழித்துவிட்டு மையால் இன்னொரு மச்சம். நினைவு தெரிந்து அன்னக்கொடியின் கன்னத்தில் அம்மா பொட்டு வைத்ததில்லை. அதற்கு அவசியம் வந்ததில்லை.

பொட்டு வைத்த படம் கண்ணாடி போட்டு ஹாலில் தொங்கியது. பொட்டில்லாத பிரதிகள் மாப்பிள்ளை வீடுகளுக்குப் போயின. பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். கல்லுப்பட்டியிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். படத்தைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், மறுபடி படத்தைப் பார்ப்பார். விடைத்தாளை விடைக்குறிப்போடு ஒப்பிடுகிற அதே முகம். ஃபெயில். கேசரியை மட்டும் எல்லாரும் குறை சொல்லாமல் தின்றுவிட்டுப் போனார்கள்.

கடைசியாக வந்தது திருமங்கலத்து ஆட்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் கேசரியை வழித்துத் தின்று, விரலைச் சூப்பிக்கொண்டு, எதிரில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவளை ஒரு தரம் பார்த்தார்.

"சரிங்க. போட்டோவுல இருக்குற புள்ளயக் கூப்புடுங்க, பாப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரித்தாள். அப்பா கருத்தக்கண்ணன், கூட்டுறவு சங்கத்தில் கிளார்க், வாழ்நாளில் ஆபீசரின் ஜோக்கைத் தவிர எதற்கும் சிரிக்காத மனிதர், அவரும் சிரித்தார். வாயைத் திறக்காத பெண்ணுக்குள் எவ்வளவு இளக்காரம் சேரும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள்.

அன்று ராத்திரியே முடிவு செய்தாள். தன் படத்தைத் தானே எடுப்பது. மச்சத்தோடு, மூக்கோடு, நிறத்தோடு. அந்தப் படத்தில் அவள், இவர்களை மனசுக்குள் எப்படிப் பார்க்கிறாளோ அப்படியே பார்க்க வேண்டும். அடுத்து வருகிறவர்களிடம் கேசரிக்கு முன்னால் அதைக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு தடவையாவது, ஒரே ஓர் ஆளாவது, அவளுடைய முகத்தை முதலில் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் பிடித்தால் உட்காரட்டும். பிடிக்காவிட்டால் கேசரியாவது மிச்சம்.

*

கேமரா சின்ன மாமா வெள்ளைத்துரை பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோது விட்டுப்போனது. பட்டனை அழுத்திவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தால் 'கிர்ர்ர்' என்று வண்டுபோல முனகி, தானே எடுத்துக்கொள்ளும்.

பின்கட்டில் ஸ்டோர் ரூம். அரிசி மூட்டை, மிளகாய் வற்றல், டிரங்குப் பெட்டி. ஜன்னலுக்கு அட்டை அடித்து இருட்டாக்கினாள். கதவின் உள்தாழ்ப்பாள் தேய்ந்தது, வெளியிலிருந்து நாலு தள்ளு தள்ளினால் கழன்றுகொள்ளும். கதவடியில் விரல் நுழையும் இடைவெளி. அதில் ஒரு சாக்கை அடைத்தாள். சுவரில் பழுப்புப் போர்வை. அதன் முன்னால் ஸ்டூல். எதிரே முறுக்கு டின் மேல் டின் வைத்து, அதன்மேல் கேமரா. ஸ்டூலுக்கு வலப்பக்கம் மேஜை விளக்கில் நூறு வாட் பல்பு ஒன்று. இடப்பக்கம் கொடியில் அப்பாவின் வெள்ளை வேட்டி, பல்பின் வெளிச்சத்தை வாங்கி மறுகன்னத்தில் கொஞ்சமாகத் திருப்பிப் போட. அவ்வளவுதான். சோலை ஆறு விளக்கு போட்டுச் செய்த பொய்யை அழிக்க ஒரு பல்பும் ஒரு வேட்டியும் போதும்.

ஃபிலிம் போடாமல் முதலில் பழகினாள். கோபம் வந்தது. அழுகை வந்தது, அது எப்போதும் வரும். வேண்டிய முகம் மட்டும் வரவில்லை. உதட்டின் ஓர் ஓரம் மட்டும் ஏற வேண்டும், இமை பாதி இறங்க வேண்டும், எதிரில் இருப்பது ஒரு பொருட்டே இல்லை என்று கண் சொல்ல வேண்டும். லென்ஸைப் பார்த்தால் அது வரவில்லை. லென்ஸ் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

யோசித்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் பரங்குன்றம் கோயிலுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், ஹாலிலிருந்து ஸ்டுடியோ படத்தைக் கழற்றிவந்து கேமராவுக்குச் சற்று மேலே, லென்ஸின் தலைக்கு மேலே ஆணியில் மாட்டினாள். ஸ்டூலில் உட்கார்ந்து நிமிர்ந்தாள்.

உடனே வந்தது. உதடு தானாக ஏறியது. பார்க்கக் கூடாத அசிங்கத்தைப் பார்ப்பதுபோல அந்தப் பெண்ணைப் பார்த்தாள். கிர்ர்ர். க்ளிக். ஃபிலிமைச் சுற்றிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். சூடேறிய பல்பில் தூசி கருகும் வாசனை, மிளகாய் நெடி, முதுகில் போர்வையின் வெக்கை. ரோல் முடியும்வரை, இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்த அத்தனை இளக்காரத்தையும் அந்த முகத்தின்மேல் கொட்டினாள். அந்த முகம் சிரித்தபடியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

அந்த ரோலின் முதல் படத்தில்தான் மச்சம் இடம் மாறியிருந்தது.

மற்ற படங்களையும் பிரிண்ட் போட்டாள். எல்லாவற்றிலும் மச்சம் வலப்பக்கம். எத்தனை நெகட்டிவில் ஒரே இடத்தில் ஊசிமுனை ஓட்டை விழும்? அதையும்விட ஒன்று, மச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் முதலில் கண்ணில் படாதது. அவள் காட்டிய முகம் எந்தப் படத்திலும் இல்லை. எல்லாப் படத்திலும் அந்த ஸ்டுடியோச் சிரிப்பு. மூக்கு கூர்மையாக இருந்தது. சிரிப்பு மட்டும் படத்துக்குப் படம் கொஞ்சம் மாறிக்கொண்டு வந்தது. படங்களை எடுத்த வரிசையில் தரையில் பரப்பிவைத்து, குந்தி உட்கார்ந்து பார்த்தாள். கடைசிப் படத்தில் உதட்டின் ஓர் ஓரம் ஏறத் தொடங்கியிருந்தது.

பழகிக்கொண்டிருந்தது.

*

அப்பாவின் அக்கா ராமக்காள் வந்தாள். அத்தைக்கு மூட்டுவலி. அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் உட்கார்ந்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் குத்துவாள்.

"ஏண்டி, அம்புட்டுத் திமிரா ஒனக்கு?"

காபி கொண்டுவந்த அன்னக்கொடி நின்றாள்.

"நேத்துப் பொழுதடையில பஸ் ஸ்டாப்புல நின்னயே. அன்னக்கொடி, அன்னக்கொடின்னு தொண்டத் தண்ணி வத்தக் கூப்புடுறேன். திரும்பி ஒரு பார்வ பாத்த பாரு. செருப்புல ஒட்டுன சாணியப் பாக்குற மாதிரி."

"நேத்து நான் வெளியவே போகல அத்த."

"இவளா? இவ நிமிந்து ஆளப் பாக்க மாட்டாளே மதினி," என்றாள் அம்மா.

"அப்ப எனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா? இதே மூஞ்சிதான். கொஞ்சம் வெளுத்துருந்துச்சு. என்ன பவுடருடி போட்ட, சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி?" காபியை ஆற்றிக்கொண்டே அத்தை அவளை உற்றுப் பார்த்தாள். "இன்னிக்குப் போடலயாக்கும். அதான்."

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். சோழவந்தானில் ஒரு சம்பந்தம். வெற்றிலைக் கொடிக்கால், சொந்த வீடு, பையன் பாங்க்கில் வேலை.

"போட்டோவப் பாத்ததும் பையனோட ஆத்தாளுக்குப் புடிச்சுப்போச்சு. வெள்ளிக்கெழம வாராக. நேர்ல பாத்தா..." அத்தை மறுபடி அன்னக்கொடியைப் பார்த்தாள். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. காபியைக் குடித்து முடித்தாள்.

அன்னக்கொடி உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். மச்சம் இடப்பக்கம்தான். விரலால் தொட்டாள். இருந்தது.

பைத்தியம்போல மச்சத்தைத் தொட்டுப் பார்க்கிற தன்னைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு ரோல் எடுப்பது என்று தீர்மானித்தாள். எதிரில் அந்தப் படம் இல்லாமல். வெள்ளிக்கிழமைக்குள்.

*

அடுத்த நாள் பொழுது சாய்ந்த நேரம். அம்மா பலகாரத்துக்கு மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். அப்பா இன்னும் வரவில்லை. ஸ்டுடியோ படத்தை அன்னக்கொடி ஸ்டோர் ரூமிலேயே வைத்திருந்தாள். ஹாலில் ஆணி மட்டும் இருந்தது. படம் எங்கே என்று அம்மா கேட்கவில்லை. அது அப்போது அவளுக்கு உறுத்தவில்லை.

படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தாள். பல்பைப் போட்டாள். பட்டனை அழுத்திவிட்டு ஸ்டூலுக்கு வந்தாள். இந்த முறை எதிரில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அத்தை முடிக்காமல் விட்ட வாக்கியம் போதுமானதாக இருந்தது. உதடு ஏறியது. இமை இறங்கியது. கிர்ர்ர். க்ளிக். சரியாக விழுந்திருக்கும் என்று உடம்புக்கே தெரிந்தது.

எழுந்து, கேமராவின் பின்பக்கம் போய், அடுத்த படத்துக்குச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

வெளியே மில் சங்கு ஊதி ஓய்ந்தது. தெருக்கோடியில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நூறு வாட் வெளிச்சத்தில் போர்வையின் மடிப்புகள், அதில் ஒட்டியிருந்த பஞ்சு, முன்னால் தேய்ந்த மரஸ்டூல், எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஸ்டூல் காலி.

போர்வையில் நிழல் இருந்தது.

தலை. கழுத்து. தோள். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் நிழல்.

அவளுடையது இல்லை. அவள் நிற்பது விளக்குக்கு இந்தப் பக்கம். அவள் நிழல் அவளுக்குப் பின்னால், கதவின்மேல் விழுந்திருந்தது. திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். ஒரு பல்பு. ஓர் ஆள். ஒரு நிழல். அதுதான் கணக்கு.

மறுபடி போர்வையைப் பார்த்தாள்.

நிழல் முகத்தைத் திருப்பியிருந்தது. பக்கவாட்டில். மூக்கு தெரிந்தது. கூர்மையான மூக்கு.

கிர்ர்ர்.

அவள் பட்டனைத் தொடவில்லை.

க்ளிக்.

விளக்கை அணைக்காமலே ஓடிவந்து, அம்மா மாவோடு திரும்பும்வரை வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றாள். "என்னடி, நடுரோட்டுல நிக்கிற?" என்று அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு மாவோடு உள்ளே போனாள்.

மறுநாள் பகலில், தைரியம் வந்தபிறகு, இருட்டில் ஃபிலிமைக் கழுவினாள். இரண்டு படங்கள்தான் விழுந்திருந்தன. முதல் நெகட்டிவில் இடது கன்னத்தில் தெளிவான வெள்ளைப் புள்ளி. நெகட்டிவில் வெள்ளை என்றால் படத்தில் கறுப்பு. மச்சம். அவள் மச்சம். அவள் உதடு.

இரண்டாவதில் ஸ்டூல் காலியாக இல்லை. கரிபோலக் கறுத்த முகம். நெகட்டிவில் கறுப்பு என்றால் படத்தில் வெளுப்பு. அதன் தோளுக்குப் பின்னால், போர்வை இருக்க வேண்டிய இடத்தில், சிமெண்டுத் தூணின் வளைவு. அதை அவள் பிரிண்ட் போடவில்லை. கத்தரிக்கோலால் துண்டுதுண்டாக வெட்டி, அடுப்பில் போட்டு எரித்தாள். எரிந்த ஃபிலிமின் நாற்றம் வெகுநேரம் வீட்டைவிட்டுப் போகவில்லை.

முதல் நெகட்டிவை மட்டும் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை மாலை. ரோஸ் பட்டுப் புடவையைக் கட்டி, பூவை வைத்து, அன்னக்கொடி தயாராக இருந்தாள். அடுப்படியில் நெய் வாசனை. ஆட்கள் வர நேரம் இருந்தது. ஒரு பிரிண்ட் போடச் சில நிமிஷம் போதும். அந்த அறைக்குள் மறுபடி நுழையக் கால் வரவில்லை. ஆனாலும் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்குள் நடப்பதை நினைத்ததும் கால் வந்தது. நுழைந்தாள். உள்தாழ்ப்பாளைப் போட்டாள். சாக்கைக் கதவடியில் தள்ளினாள். சிவப்பு பல்பைப் போட்டாள்.

காகிதத்தின்மேல் நெகட்டிவை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெள்ளை விளக்கை ஒரு நொடி போட்டு அணைத்தாள். காகிதத்தை டெவலப்பருக்குள் விட்டாள். தட்டை மெதுவாக ஆட்டினாள். வந்தது. முடி. புருவம். அகலமான மூக்கு. இடது கன்னத்தில் மச்சம். ஏறிய உதடு.

அவள் பிறந்ததிலிருந்து பார்த்த ஒரே அழகான படம் அது.

காகிதத்தை விரலால் தூக்கினாள். ஹைப்போத் தட்டு அடுத்த மேஜையில். ஓர் எட்டு எடுத்து வைத்தவள் நின்றாள்.

ஹாலில் பேச்சுக்குரல். நாற்காலிகள் நகரும் சத்தம். வந்துவிட்டார்கள், சீக்கிரமாகவே. அப்பாவின் குரல், பவ்யமாக. அத்தையின் குரல். பிறகு அம்மா கூப்பிட்டாள்.

"வாம்மா. வெக்கப்படாம வா."

'இதோ' என்று சொல்ல அன்னக்கொடி வாயைத் திறந்தாள். அதற்குள் அடுப்படிப் பக்கமிருந்து கொலுசு நடந்தது. பட்டுப் புடவை உரசியது. ஸ்டோர் ரூம் கதவைத் தாண்டிப் போனது. ஹாலில் பேச்சு நின்றது.

டம்ளர் தட்டில் அசையும் சத்தம்.

"அடடா," என்றது ஒரு பெண்குரல். மாப்பிள்ளையின் தாயாராக இருக்க வேண்டும். "போட்டோவுல இருக்குற மாதிரியே இருக்கே புள்ள."

அன்னக்கொடி சுவரோரம் திருப்பிவைத்திருந்த ஸ்டுடியோ படத்தைப் பார்த்தாள். ஈரமில்லாத கையால் அதைத் திருப்பினாள். சிமெண்டுத் தூண் இருந்தது. பிளாஸ்டிக் ரோஜா இருந்தது. நாற்காலி இருந்தது.

நாற்காலி காலி.

கதவுப் பலகைகளுக்கு நடுவே ஒரு விரிசல் உண்டு, அதில் அடைத்திருந்த துணியை உருவினாள். கண்ணை வைத்தாள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஹால். மெரூன் ஷர்ட்டில் பையன், வாயை மூட மறந்து. எதிரே ரோஸ் பட்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். டியூப்லைட் எல்லாருக்கும் ஒரே மாதிரி தட்டையாக விழுந்தது. அவள் மூக்கோரத்தில் மட்டும் ஒரு பக்கமாக நிழல். அங்கே இல்லாத ஒரு விளக்கின் நிழல். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"கன்னத்துல மச்சம் இருக்கு போல. போட்டோவுல இல்லையே?" என்றாள் மாப்பிள்ளையின் தாயார்.

அம்மா சிரித்தாள். உண்மையான சிரிப்பு. அன்னக்கொடி அதுவரை கேட்டேயிராத சிரிப்பு.

"அது மச்சமில்லைங்க. கண்ணு படக் கூடாதுன்னு நான் வச்ச பொட்டு."

அப்பா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக. அன்னக்கொடியின் முகத்தை அவர் அப்படிப் பார்த்ததேயில்லை.

ரோஸ் பட்டில் இருந்தவள் தலையை நிமிர்த்தினாள். மெதுவாக. ஹாலைத் தாண்டி, நடையைத் தாண்டி, விரிசலைப் பார்த்தாள். விரிசலுக்குள் இருந்த கண்ணைப் பார்த்தாள்.

உதட்டின் ஓர் ஓரம் ஏறியது. இமை பாதி இறங்கியது.

சரியாக. ஒரு ரோல் முழுக்கக் கொட்டியது மொத்தமும், அப்படியே.

அன்னக்கொடி கத்தினாள். சத்தம் வரவில்லை. தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினாள். அப்போதுதான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அது இன்னும் ஹைப்போவுக்குப் போகவில்லை. விரிசலிலிருந்து ஒரு கோடு வெளிச்சம் அதன் குறுக்கே விழுந்திருந்தது. கோடு விழுந்த இடம் சாம்பலாகி, கறுத்துக்கொண்டிருந்தது. முதலில் மச்சம் காணாமல் போனது. பிறகு கன்னம். பிறகு உதடு.

பின்வாங்கினாள். காலடியில் சாக்கு நகர்ந்திருந்தது. கதவடியிலிருந்து டியூப்லைட் வெளிச்சம் உள்ளே நீண்டு அவள் வலது கால் பெருவிரலின்மேல் விழுந்தது.

விரல் சாம்பல் நிறமானது.

வலிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகம் கறுத்தது. நகத்துக்கும் சதைக்கும் இருந்த வித்தியாசம் போனது. பிறகு விரல் இருந்த இடத்தில், விரலின் வடிவத்தில், ஒரு கறுப்பு.

காலை இழுத்துக்கொண்டு அரிசி மூட்டைமேல் ஏறினாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, சிவப்பு வெளிச்சத்துக்குள் சுருங்கினாள்.

"வீட்டச் சுத்திப் பாக்கலாமா மதினி?" மாப்பிள்ளையின் தாயாரின் குரல். ஏற்கெனவே உறவு கொண்டாடியாயிற்று.

"தாராளமா. வாங்க. இது அடுப்படி. இது என்னமோ சும்மா, ஸ்டோர் ரூமு. பழைய சாமான்தான் கெடக்கு."

"அதையும் பாத்துருவோமே."

கொலுசும் கூடவே வந்தது. கதவு அசைந்தது.

"உள்தாப்பா விழுந்துருச்சு போல," என்றார் அப்பா. "இருங்க. ஒரு தள்ளு தள்ளுனா தொறந்துக்கிரும்."

தள்ளினார். தாழ்ப்பாள் கொஞ்சம் நகர்ந்தது. கதவிடுக்கில் மேலிருந்து கீழ்வரை வெளிச்சம் ஒரு கோடாக நின்றது. அரிசி மூட்டையின் ஓரம்வரை வந்து நின்றது.

"நான் தள்ளுறேம்ப்பா," என்றது வெளியே ஒரு குரல். அன்னக்கொடியின் குரல்.

தாழ்ப்பாள் நகர்ந்தது.